மாவில் பதியாத கன்னம்

ரொட்டிக்குக் குழைத்த மாவில் ஒரு மனிதன் கன்னத்தை வைத்து அழுத்தினால் எப்படிப் பதியும் என்று எனக்குத் தெரியும். கன்ன எலும்பு ஒரு சின்னக் குழியாக விழும். அதற்குக் கீழே தாடை எலும்பு நீளமாக ஒரு கோடு போடும். காலையில் சவரம் செய்யாதவர் என்றால் மயிர் குத்தின அடையாளம்கூடப் புள்ளி புள்ளியாகத் தெரியும். என் சகலன் பதித்த மாவில் இது ஒன்றும் இருக்கவில்லை. உதடும் நாடியும்தான் இருந்தன. மாவை நான் அப்பியிருந்தது அவருடைய துவக்கின், அதாவது துப்பாக்கியின், சோங்கில். தோளில் முட்டுக் கொடுத்து, கன்னத்தை வைத்துக் குறி பார்க்கிற அந்தப் பின்பக்கக் கட்டையைத்தான் எங்கள் ஊரில் சோங்கு என்போம். அஜக்ஸ் நகரத்தில் அவருடைய வீட்டுச் சாப்பாட்டு மேசையில், பூசை முடிந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த மாவைப் பார்த்து நான் ஒரு சத்தம் போட்டேன். அந்தச் சத்தம் சரியா பிழையா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்கு விளங்கவில்லை. விளங்காததால்தான் எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நான் ஐந்தாம் வகுப்புக்கு மேலே படிக்காதவன். ஊரில் ஒரு தீவிலிருந்து ஒரு பையோடு இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து பார்க்டேலில் ஏழு பேரோடு ஒரு அறையில் படுத்து, சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினவன். இன்றைக்கு மில்லிக்கனில் என் பெயரில் ஒரு வேலைத்தலம் இருக்கிறது. சமையலறை அலுமாரிகள் செய்கிறோம். பதினொரு பேர் வேலை செய்கிறார்கள், அதில் இரண்டு பேர் பட்டம் பெற்றவர்கள். ஸ்காபரோவில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் நான் செய்த சமையலறை உள்ள வீடு ஒன்றைக் காட்டுவேன். இதைப் பெருமைக்குச் சொல்கிறேன் என்று யாராவது நினைத்தால், ஓம், பெருமைக்குத்தான். என்னுடைய தொழில் ரகசியம் ஒன்றுதான். வாடிக்கையாளரிடம் என்ன வேண்டும் என்று கேட்கமாட்டேன். கேட்டால் பக்கத்து வீட்டில் இருப்பதைச் சொல்வார்கள். அந்த வீட்டு அம்மாவைத் தேத்தண்ணீர் போடச் சொல்லிவிட்டு மூலையில் நின்று பார்ப்பேன். முழங்கை எவ்வளவு உயரத்தில் மடிகிறது, எந்தக் கையால் கதவு திறக்கிறா, எங்கே குனியும்போது முகம் சுளிக்கிறா, எல்லாம் பார்ப்பேன். வாய் சொல்லாததை உடம்பு சொல்லிவிடும். நாற்பது வருடமாக இந்தக் கண்ணை வைத்துத்தான் சாப்பிடுகிறேன்.

சகலன் எனக்கு நேர்மாறு. என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்தார். இங்கே வந்து மஞ்சள் பள்ளிக்கூட பஸ் ஓட்டினார். அவருடைய படிப்பு இங்கே செல்லுபடியாகவில்லை, என்னுடைய படிப்பின்மை செல்லுபடியானது, இதைத் தேவைக்கு அதிகமாகவே நான் அவருக்கு ஞாபகப்படுத்தியிருக்கிறேன். "என்ன வாத்தியார், இண்டைக்கு எத்தினை பேரை ஏத்தி இறக்கினீர்?" என்று விருந்துகளில் பலர் முன்னால் கேட்பேன். அவர் கோபிக்கமாட்டார். "ஏத்தினது எல்லாத்தையும் இறக்கிப்போட்டன் அண்ணை, மிச்சம் இல்லை" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். சிரிப்பு எனக்கா அவருக்கா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது அவர் எழும்பிப் போய்த் தண்ணீர் குடிப்பார். பஸ்ஸில் வருகிற ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் அவருக்குத் தெரியும். பனி கொட்டுகிற நாளில் கடைசிப் பிள்ளை வீட்டுக் கதவுக்குள் போகும் வரைக்கும் பஸ்ஸை எடுக்கமாட்டார். மற்ற ஓட்டுனர்கள் அவரைச் சோம்பேறி என்பார்களாம்.

இந்த மனிதர் ஐம்பத்தைந்து வயதில் துவக்கு வாங்கினார். வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, அனுமதி எடுத்து, அஜக்ஸுக்கு வடக்கே ஒரு சுடுகளத்தில் அங்கத்தவராகி, சின்ன ரவை, அதாவது தோட்டா, போடுகிற ஒரு றைபிள் வாங்கினார். ஒவ்வொரு வெடிக்கும் தானாக அடுத்த ரவையை ஏற்றிக்கொள்கிற வகை. ஐம்பது மீற்றருக்கு அப்பால் கடதாசியில் ஒரு கறுப்பு வட்டம், அதைச் சுடுவது, அவ்வளவுதான். எங்கள் சனத்துக்கு இது விளங்கவே இல்லை. துவக்குக்குப் பயந்து கடல் தாண்டி வந்தவர்கள் நாங்கள். கோயில் வாசலில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். நானும் கேட்டேன். "கடதாசியைச் சுட்டு என்ன காணப்போறீர்? ஒரு முயலாவது சுடும், கறி வைப்பம்" என்றேன். "அண்ணை, அந்தக் கறுப்புப் புள்ளியைப் பார்க்கேக்கை அது மட்டும்தான் இருக்கும். வேற ஒண்டும் இராது. அது எனக்குக் காணும்" என்றார். எனக்கு அது காணவில்லை, போதவே இல்லை. ஆனால் நன்றாகச் சுடுகிறார் என்று அறிந்தபோது, என் சகலன் குறி தவறாதவர் என்று நானே நாலு இடத்தில் சொல்லித் திரிந்தேன்.

ஒரு சித்திரை மாதம் அவர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். முப்பது வருடத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் உதவி அது.

"அண்ணை, துவக்குக்குச் சோங்கு மாத்தோணும். கடையிலை கனக்க வகை இருக்கு. எனக்கு எது சரிவரும் எண்டு பிடிபடேல்லை. நீங்கள் மரவேலை தெரிஞ்ச ஆள். ஒருக்கா வாறியளோ?"

எனக்குத் தலைகால் புரியாத சந்தோசம். கணக்கு வாத்தியாருக்கு அளவு பிடிபடவில்லையாம், அஞ்சாம் வகுப்பைக் கூப்பிடுகிறார். அன்று முழுக்க என் மனைவிக்கு இதை நான்கு தரம் சொன்னேன்.

கடைக்குப் போனோம். கடைக்காரர் தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரர், பொறுமைசாலி. துவக்கோடு வருகிற சோங்கு எல்லாருக்கும் ஒரே அளவு, ஆனால் உடம்புகள் ஒரே அளவு இல்லை, அதனால்தான் வேறு சோங்குகள் விற்பனைக்கு இருக்கின்றன என்றார். இது என் சொந்தக் கருத்து, இந்த மனிதர் எப்படி எடுத்தார் என்று நினைத்தேன். நீளத்துக்கு ஒரு அளவு சொன்னார். சோங்கின் அடியை முழங்கை மடிப்பில் வைத்தால் விரல் விசையை எட்ட வேண்டும். உயரத்துக்கு ஒரு அளவு. கன்னத்தைச் சோங்கின் மேல்விளிம்பில் வைத்ததும், தலையை ஆட்டாமல் அசைக்காமல், கண் நேரே குறிக்கு வந்துவிட வேண்டும். சகலனின் முகம் ஒடுக்கமான நீள முகம், கன்னத்தில் சதையில்லை. அப்படியானவருக்கு மேல்விளிம்பு உயர்ந்த சோங்குதான் பொருந்தும் என்று கடைக்காரரும் சொன்னார், நானும் சொன்னேன்.

பெருவிரல் போக ஓட்டை வைத்த, பலகை அடுக்கி ஒட்டிய அழகான மரச்சோங்கு ஒன்றைக் கொடுத்தோம். எடுத்துத் தோளில் வைத்தார், உடனே இறக்கினார். "உது முட்டுது அண்ணை" என்றார். கறுப்புப் பிளாஸ்ரிக்கில் கன்னப்பகுதியைத் திருகி ஏற்றி இறக்கக்கூடிய ஒன்றைக் கொடுத்தோம். கடைக்காரர் அவருடைய முகத்துக்குச் சரியாகத் திருகி வைத்தார். "உதுவும் முட்டுது" என்றார். இறக்கச் சொன்னார். இன்னும் இறக்கச் சொன்னார். அடிமட்டத்துக்கு இறக்கின பிறகும், இன்னும் கீழே போகாதோ என்று கேட்டார். மடிக்கிற சோங்கு ஒன்று சுவரில் தொங்கியது, அது மெல்லிய கம்பிபோல இருந்தது, அதைக் காட்டினார். கடைக்காரர் தலையை ஆட்டினார். அதைப் பூட்டி மடித்தால் துவக்கு நீளம் குறைந்து கட்டையாகிவிடும், சட்டத்தில் வேறு வகைக்குள் போய்விடும், வேண்டாம் என்றார். வெறுங்கையோடு வெளியே வந்தோம். நான் குழம்பிப் போனேன். அளவு எல்லாம் ஒரு பக்கம் காட்டுகிறது, மனிதர் மறுபக்கம் இழுக்கிறார். நாற்பது வருடத்தில் எந்தச் சமையலறையும் என்னை இப்படிச் செய்ததில்லை. காருக்குள் ஏறும்போது, "வாத்தியார், உம்மடை மூஞ்சியை எனக்கு ஒருக்கா அச்செடுக்கோணும்" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அதற்காகத்தான் போனேன். மனைவியும் வந்தா. அக்காவும் தங்கையும் குசினியில் நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். சகலன் துவக்கைப் பூட்டிய பெட்டியிலிருந்து எடுத்து வந்து, ரவை இல்லை என்று எனக்கு இரண்டு தரம் திறந்து காட்டி, விசைக்கும் ஒரு பூட்டுப் போட்டு மேசையில் வைத்தார். எல்லாவற்றிலும் அவர் அப்படி. நான் அச்செடுக்க என்ன இருக்கிறது என்று சுற்றிப் பார்த்தேன். ஈரத்துணி போட்டு மூடிய கிண்ணத்தில் ரொட்டிக்குக் குழைத்த மா இருந்தது. துணியைத் தூக்கி இரண்டு கை நிறைய அள்ளினேன்.

"ஐயோ அத்தான், உது மத்தியானச் சாப்பாடு!" என்று மச்சாள் கத்தினா.

"ஒரு ரொட்டி குறைஞ்சா என்ன? உன்ரை மனிசனுக்குத்தான் செய்யிறன்."

"துவக்குக்கு ரொட்டி தீத்திற ஆளை இப்பதான் பார்க்கிறன்" என்றா என் மனைவி. "கெதியிலை சம்பலும் கேட்பார், பார்."

சோங்குக்குப் பிளாஸ்ரிக் தாள் சுற்றி, மேலேயும் இரு பக்கமும் மாவை அப்பினேன். எப்படிச் செய்வது என்று காட்ட முதலில் நானே தோளில் வைத்துக் கன்னத்தை அழுத்தினேன். வலது தோள், வலது கன்னம், வலது கண். சோங்கின் இடப்பக்கத்தில் என் கன்ன எலும்பு அழகாக விழுந்தது. பெண்கள் பார்த்துச் சிரித்தார்கள். மாவைத் தட்டிச் சமப்படுத்தி அவரிடம் கொடுத்தேன். "கண்ணை மூடிக்கொண்டு வையும். வசதியா வைச்ச பிறகு திறந்து, அந்த யன்னல் கொளுக்கியைக் குறி பாரும்" என்றேன். கடைக்காரர்கூட அப்படிச் சோதிக்கவில்லை. அது என் சொந்த யோசனை.

அவர் வைத்தார். கண்ணை மூடினார். திறந்தார். திறந்ததும் அவருடைய தலை அசைந்தது. கன்னம் சோங்கை விட்டுக் கிளம்பி, முகம் சோங்குக்கு மேலாக ஏறி அந்தப் பக்கம் சாய்ந்தது. உதடு மாவில் அழுந்தியது. இறக்கினார். நான் மாவைப் பார்த்தேன். இடப்பக்கத்தில் ஒரு தொட்ட அடையாளம் மட்டும். மேலே முழு வாயும் நாடியும். அப்படிச் சாய்ந்தால் சோங்குக்கு நேரே வருவது வலது கண் இல்லை, இடது கண். முகத்தை அப்படிக் குறுக்கே கொண்டுபோக விடாமல் உயர்ந்த சோங்கு ஏன் முட்டியது, தாழ்ந்த சோங்கு ஏன் கேட்டார், எல்லாம் ஒரு நொடியில் விளங்கியது. நான் என் உள்ளங்கையால் அவருடைய இடது கண்ணைப் பொத்தினேன்.

"இப்ப என்ன தெரியுது?"

"உங்கடை சட்டை தெரியுது."

"மூஞ்சி?"

எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி அவர், "சட்டைக்கு மேலை ஒண்டும் இல்லை அண்ணை" என்றார்.

இந்த இடத்தில் ஒரு நல்ல மனிதன் என்ன செய்வான்? கையை எடுத்துவிட்டு, மாவை உருட்டிக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, "வாரும் வெளியாலை நடப்பம்" என்பான். நான் என்ன செய்தேன் தெரியுமா? கண்டுபிடித்துவிட்டேன் என்ற சந்தோசத்தில், "எடியே, இஞ்சை ஓடி வா, வந்து பார்! மனிசனுக்கு வலக்கண் தெரியேல்லை! ரெண்டு கிழமையா எனக்குப் பிடிபடாதது இந்த மாவிலை இருக்கு!" என்று கத்தினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நொடியில் எனக்கு அவருடைய கண் ஞாபகத்தில் இல்லை. என் கெட்டித்தனம் மட்டும்தான் ஞாபகத்தில் இருந்தது. இரண்டு பெண்களும் ஓடி வந்தார்கள். மச்சாள் மாவைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தா. "என்னப்பா சொல்லுறார் இவர்?" என்றா. பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது, நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. "அப்ப பஸ்?"

அவர் மேசையடிக் கதிரையில் இருந்துவிட்டார். மாரி, இங்கத்தைய பனிக்காலம், தொடங்கும்போதே வலது கண்ணின் நடுவில் ஒரு புகை வந்ததாம். பிறகு புகை கறுத்து, பார்க்கிற இடமெல்லாம் ஒரு மறைப்பு விழுந்ததாம். கண் வைத்தியரிடம் போனால் ஓட்டுனர் அனுமதி கொடுக்கிறவர்களுக்கு எழுதிவிடுவார், எழுதினால் பஸ் போய்விடும் என்று போகவில்லை. ஆனி மாதம் பள்ளிக்கூடம் முடியும் வரைக்கும் ஓட்டிவிட்டு நிற்பாட்டுவோம் என்று நினைத்திருக்கிறார். "ஒவ்வொரு சனிக்கிழமையும் போய்ச் சுட்டுப் பார்த்தனான்" என்றார். "அந்தக் கறுப்பிலை படுகுது எண்டால் கண் காணும், திங்கட்கிழமை ஓட்டலாம் எண்டு எனக்கு ஒரு கணக்கு. பிறகு படாமல் விட்டுது. கண் பிழை எண்டு நினைக்க மனம் வரேல்லை. சோங்குதான் பிழை எண்டு நினைச்சன்."

வாழ்க்கை முழுக்கப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த மனிதர் போட்ட கணக்கு இது. ஐம்பது மீற்றரில் அசையாமல் நிற்கிற கடதாசியில் பட்டால், வலப்பக்கத்திலிருந்து ஓடி வருகிற பிள்ளையும் தெரியும் என்று ஒரு கணக்கு. நல்லதொரு சோங்கு கிடைத்திருந்தால் அந்தக் கணக்குச் சரிவந்திருக்கும். அவர் மறுபடி கறுப்பில் சுட்டிருப்பார், மறுபடி பஸ்ஸை எடுத்திருப்பார். அதைத் தேடிக் கொடுக்கத்தான் நான் போயிருந்தேன். மச்சாள் அழவில்லை. ஒரு கதிரையை இழுத்து அவருக்கு முன்னால் போட்டு இருந்தா. "நாளைக்கு நீங்கள் பஸ் எடுக்கேலாது" என்றா. அவர் ஓம் என்று தலையாட்டினார். அன்றைக்கு ரொட்டி சுடவில்லை.

நடந்ததைச் சுருக்கிச் சொல்கிறேன். அடுத்த நாள் அவர் போய்ச் சொல்லி, பஸ் சாவியை, எங்கள் பேச்சில் திறப்பை, கொடுத்துவிட்டார். கண் வைத்தியர், வலது கண்ணுக்குப் பிந்திவிட்டது, இடது கண்ணிலும் அதே வருத்தம், அதே நோய், தொடங்குகிறது, இன்னும் ஒரு வருடம் விட்டிருந்தால் இரண்டும் போயிருக்கும் என்றார். ஊசி போட்டு இடது கண்ணைக் காப்பாற்றினார்கள். இதை எல்லாரிடமும் சொல்லித் திரிந்தவன் நான்தான். என் மாவால் ஒரு மனிதருக்குக் கண் மிஞ்சியது என்று. மச்சாள் ஒரு வருடம் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. வருத்தத்தைக் கண்டுபிடித்ததற்கு இல்லை, அதை மீன்சந்தைக் கூப்பாடு மாதிரிக் கூவினதற்கு. "அவர் என்னட்டைத் தானாச் சொல்லுற சந்தர்ப்பத்தை நீங்கள் எடுத்துப்போட்டியள்" என்று என் மனைவியிடம் சொல்லி அனுப்பினா.

சகலன் சுடுவதை விடவில்லை. இடது தோளுக்கு மாறினார். நான் என் வேலைத்தலத்தில் நல்ல வோல்நட் பலகையில் இடது கைச் சோங்கு ஒன்று செதுக்கித் தருகிறேன் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன். "வேண்டாம் அண்ணை, கடையிலை இருக்கிறது காணும்" என்றார். அதே தாடிக்காரரிடம் தனியாகப் போய், இடது கைக்காரருக்குச் செய்த ஒன்றை வாங்கிப் பூட்டினார். சுட்ட ரவைகளின் வெறுங்கோதுகள் முகத்துக்கு முன்னால் வலப்பக்கம் பறக்க, முதல் மாதம் கண்ணைச் சிமிட்டினாராம். பிறகு பழகிவிட்டது. மூன்று வருடம் சுட்டார். போன மாரிக்கு முந்தின மாரி, நித்திரையில், நெஞ்சு நின்றுபோய்விட்டது. கோயிலில் நடந்த இறுதிப் பூசைக்கு, அவருடைய பஸ்ஸில் வந்த பிள்ளைகள் சிலர், இப்போது என்னைவிட உயரமானவர்கள், வந்து பின்வரிசை வாங்குகளில் இருந்தார்கள். அவர்களைப் பார்த்தபோது எனக்குப் பெருமையாகவும் வெட்கமாகவும் இருந்தது. எது எவ்வளவு என்று பிரிக்கத் தெரியவில்லை.

அவர் திறப்பைக் கொடுக்கப் போன அந்தத் திங்கட்கிழமை காலை, என் காரில்தான் போனோம். அதை நான் யாருக்கும் சொன்னதில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும், ஆனால் அந்த வார்த்தை எனக்குப் பழக்கமில்லை. பஸ்கள் நிற்கிற வளவுக்குத் திரும்புகிற சிவப்பு விளக்கில் அவர்தான் கதையைத் தொடங்கினார்.

"நேற்று நீங்கள் அப்பிடிக் கத்தியிருக்காட்டி நான் என்ன செய்திருப்பன் தெரியுமோ அண்ணை?"

"என்ன செய்திருப்பீர்?"

"உங்களிட்டைக் கெஞ்சியிருப்பன். ஆனி மட்டும் ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ எண்டு."

"நான் ஏலாது எண்டிருப்பன்."

அவர் சிரித்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"இல்லை அண்ணை. நீங்கள் ஓம் எண்டிருப்பியள். உங்களுக்கு என்னிலை விருப்பம். நான் கெஞ்சிறதும் உங்களுக்குப் பிடிச்சிருக்கும்."

விளக்குப் பச்சையானது. பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான். நான் வளவுக்குள் திருப்பினேன். மஞ்சள் பஸ்கள் வரிசையாக நின்றன, ஒன்று மட்டும் ஓட்டுனர் இல்லாமல். அவர் இறங்கிப் போனார். ஏலாது என்றுதான் சொல்லியிருப்பேன் என்று அவர் திரும்பி வந்ததும் சொல்ல வேண்டும் என்று நினைத்து, எந்தச் சத்தத்தில் சொன்னால் அவர் நம்புவார் என்று ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். வந்து ஏறினார். நான் சொல்லவில்லை. எனக்கே நம்பிக்கை வரவில்லை.